ரத்தினம்மா மீது எழுதிய நான்கு அட்டைகள்

அனுப்புநர்:
திருமதி அருள்ஜோதி சவரிராஜ்,
பல் மருந்தக வரவேற்பாளர் (பணி ஓய்வு),
புக்கிட் பாத்தோக், சிங்கப்பூர்.

பெறுநர்:
திரு. திலீப் அவர்கள்,
மேலாளர், குடியிருப்பாளர் கருத்துப் பிரிவு,
செம்பருத்தி அக்கம்பக்க மையம்,
சிராங்கூன் சாலை வட்டாரம், சிங்கப்பூர்.

பொருள்: அரபு வகுப்பின் பத்தொன்பது வீட்டுப்பாட அட்டைகள் புகார்களாகப் பதிவானது – அவற்றில் நான்கின் காரணமாகத் துப்புரவுப் பணியாளர் திருமதி ரத்தினம்மா பொங்கோலுக்கு மாற்றப்பட்டது – மாற்றத்தை ரத்து செய்து, புகாரை உரியவர் மீது பதிவு செய்ய வேண்டுதல்.

பார்வை: தங்கள் பிரிவிலிருந்து 26.06.2025 அன்று எங்களுக்கு வந்த பத்தொன்பது குறுஞ்செய்திகள்.

மரியாதைக்குரிய திலீப் ஐயா,

வணக்கம்.

1. நான் முப்பத்தொரு ஆண்டுகள் ஒரு பல் மருந்தகத்தின் முன்மேசையில் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு வரிசை எண் கொடுத்தவள். அலுவலக நடைமுறை எனக்குப் புதிதல்ல. நிதானமாகவும் சுருக்கமாகவும் எழுதத் தெரியும். இன்று இரண்டும் முடியவில்லை, ஐயா. ஆச்சரியக்குறிகள் அளவுக்கு மீறித் தென்பட்டால் பொறுத்தருளவும். வரும் பதினொன்றாம் தேதி வெள்ளிக்கிழமையோடு திருமதி ரத்தினம்மாவின் இடமாற்றம் நிரந்தரமாகிவிடும் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன்னால் தாங்கள் இதைக் கடைசி வரி வரை படித்தாக வேண்டும்.

2. தங்கள் மையத்தின் இரண்டாம் மாடியில், மூன்றாம் எண் அறையில், சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு ஓர் அரபு மொழி வகுப்பு நடக்கிறது. நடத்துபவர் ஷபானா. வயது இருபத்தொன்பது, வேலை நாள்களில் ஒரு சட்ட நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளர், வீட்டில் நம்மைப் போலத் தமிழ் பேசுபவர். மாணவர்கள் ஒன்பது பேர். அவர்களில் மூத்தவள் நான். இந்த வயதில் எதற்கு அரபு என்று தாங்கள் கேட்கலாம். எல்லோரும் கேட்கிறார்கள். என் மகள் டானியலா ஜோர்தானில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் போலவே கத்தோலிக்கர். ஆனால் சம்பந்தி அம்மாவுக்கு அரபு தவிர வேறு மொழி தெரியாது. இரண்டு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் நாங்கள் இருவரும் பேசியது இவ்வளவுதான்: நலமா, நலம், நீங்கள் நலமா, நலம். அதற்குப் பிறகு இருவரும் சிரிப்போம். எவ்வளவு நேரம்தான் சிரிப்பது, ஐயா!

3. பதின்மூன்று பாடங்கள் காய்கறி, உறவுமுறை, வானிலை என்று சாதுவாகப் போயின. ஜூன் 21 அன்று பதினான்காம் பாடத்தைத் திறந்தோம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அநீதிக்கும் ஒடுக்குமுறைக்கும் உரிய வினைச்சொற்கள்! வலப்பக்கம் அரபு, இடப்பக்கம் ஆங்கிலப் பொருள், மொத்தம் பத்தொன்பது. அநியாயம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மழையிலிருந்து மாமியார் வரை எல்லாவற்றையும் சமாளித்து வந்தவள் நான். அங்கேயோ அநியாயத்தில் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக ஒரு சொல்! ‘கஸப’ என்றால் யூசர்ப், அதாவது அடுத்தவருக்கு உரியதைப் பறித்துக்கொள்வது. ‘ஹரம’ என்றால் டிப்ரைவ், கிடைக்க வேண்டியதைக் கிடைக்காமல் செய்வது. ‘கஹர’ என்றால் சப்டியூ, ஒருவரை அடக்கி அவர் தலைக்கு மேலே நிற்பது. ‘இஸ்தபத்த’ என்று ஒன்று. ஆங்கிலத்தில் டிரனைஸ் என்று போட்டிருந்தது. யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு காரியத்தைத் தானே முடிவு செய்வது என்று ஷபானா விளக்கினார். எல்லாவற்றுக்கும் தலைமையாக ‘ளலம’: ஒப்ரெஸ், ஒடுக்குவது, அநீதி இழைப்பது. அந்த முதல் எழுத்துக்குத் தமிழில் இடமில்லை. நானாக ஒரு ‘ள’ போட்டுக்கொண்டேன். பேருந்தில் வீடு திரும்பும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நடந்த தவறு பகையில் நடந்ததல்ல, மகிழ்ச்சியில் தலைகால் தெரியாமல் நடந்தது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும் என்பதற்காகத்தான்.

4. ஷபானாவின் கற்பிக்கும் முறை பின்வருமாறு. ஒரு வினைச்சொல்லைப் படித்தால், அதைக் கண்ணால் கண்ட ஒரு சம்பவத்தில் மாட்டிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வாசல் வரை கூட நம்மோடு வராது என்பார். ஆகவே அஞ்சலட்டை அளவுள்ள ஓர் அட்டையில் மேலே அரபுச் சொல், நடுவில் ஆங்கிலப் பொருள், கீழே அதை வைத்து ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். திருத்திய பிறகு அட்டை உரியவரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகப் பின்பக்கம் பெயரும் தொலைபேசி எண்ணும். இந்தப் பின்பக்கத்தைத் தயவுசெய்து நினைவில் வைக்கவும்.

5. வாக்கியம் எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, எங்களிடம் போதுமான ஒடுக்குமுறை இல்லை! ஒன்பது பேரும் பேனாவைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தோம். தேக்கா உணவங்காடியில் டிஷ்யூ பொட்டலம் வைத்துப் பிடித்திருந்த மேசையை ஒருவர் வந்து எடுத்துக்கொண்டார் என்று ஒருவர் எழுதினார். எங்கள் புளோக்கின் மின்தூக்கி ஆறாம் மாடிக்காரர்களை ஒடுக்குகிறது என்று மற்றொருவர். கணினித் துறையில் வேலை பார்க்கும் ஸ்ரீராம் எதுவும் தோன்றாமல், அரசன் நகரத்தை அடக்கினான் என்று எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். கண்ணால் கண்டாயா என்று ஷபானா கேட்டார்.

6. அந்த நேரத்தில் உள்ளே வந்தவர்தான் ரத்தினம்மா அக்கா. வயது அறுபத்திரண்டு. தங்கள் மையத்தில் ஒன்பது ஆண்டுகளாகத் துப்புரவுப் பணி. பன்னிரண்டு மணிக்கு முடிய வேண்டிய எங்கள் வகுப்பு என்றுமே நேரத்தில் முடிவதில்லை. ஆகவே பதினொன்றே முக்காலுக்கே மாப்பும் வாளியுமாக வந்து நாற்காலிகளை ஒவ்வொன்றாக மேசைமேல் கவிழ்க்கத் தொடங்குவார். எழுந்தால் போயிற்று, நாற்காலி திரும்பக் கிடைக்காது. அன்று எங்கள் முகங்களைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டார். எங்களுக்கு அநியாயம் செய்தவர் ஒருவர் வேண்டும், ஆள் கிடைக்கவில்லை என்று சொன்னோம். அவர் மாப்பின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்து, “என் பேர போட்டுக்குங்க லா. வாரா வாரம் உங்கள வெரட்டுறது நான்தானே!” என்றார்.

7. அவர் தாமாகவே கொடுத்த பெயர் அது. நாங்கள் பாய்ந்து பிடித்துக்கொண்டோம். அந்த நான்கு அட்டைகளின் வாசகத்தை, தங்கள் கணினியில் இருப்பது போலவே, தமிழில் தருகிறேன்.

மூன்றாம் அட்டை, ‘ஹரம’: துப்புரவு செய்யும் பெண் என் காப்பியை எனக்கு இல்லாமல் செய்தார்.

எட்டாம் அட்டை, ‘கஹர’: ரத்தினம்மா ஒரே ஒரு மாப்பைக் கொண்டு ஒன்பது பேரை அடக்கினார். (அரசன் வாக்கியத்தை அடித்துவிட்டு ஸ்ரீராம் எழுத விரும்பியது. ஷபானா அரசனும் இருக்கட்டும் என்றதால் மற்றவர்களிடம் ஆளுக்கு இரண்டு, அவரிடம் மட்டும் மூன்று அட்டைகள்.)

பதினோராம் அட்டை, ‘கஸப’: ரத்தினம்மா எங்கள் வகுப்பின் கடைசிப் பதினைந்து நிமிடங்களைப் பறித்துக்கொள்கிறார்.

பதினான்காம் அட்டை, ‘ளலம’: இந்த மையத்தின் துப்புரவுப் பணியாளர் வாரந்தோறும் எங்களை ஒடுக்குகிறார்.

மூன்றாம் அட்டையும் பதினான்காம் அட்டையும் நான் எழுதியவை. காப்பியைப் பற்றிய உண்மையையும் இங்கே பதிவு செய்கிறேன்: அது முந்தைய சனிக்கிழமை நான் கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி, நாற்காலியில் தொங்கவிட்டு மறந்துபோன காப்பி. எறும்பு மொய்த்துக் கிடந்தது. எடுத்துப் போட்டதற்கு நான் அவருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

8. இனி வருவது முழுக்க என் செயல். வேறு எவருக்கும் பங்கில்லை. அட்டைகளை ஒரு வாரம் கண்ணில் படும்படி மாட்டிவைத்தால் சொற்கள் மனத்தில் பதியும் என்று ஷபானா சொன்னார். மூன்றாம் எண் அறைக்குப் புது வர்ணம் அடித்திருப்பதால் சுவரில் எதையும் ஒட்டக்கூடாது என்று தங்கள் அறிவிப்பு இருக்கிறது. அதை நான் மதித்தேன்! அதனால் அட்டைகளை நான் வாங்கிக்கொண்டு வெளியே தாழ்வாரத்துக்குப் போனேன். மின்தூக்கிக்கு எதிரே ஒரு தக்கைப் பலகை காலியாக இருந்தது. மேலே நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளிலும் “உங்கள் கருத்து” என்று எழுதியிருந்தது. நான்கையும் படித்தேன், ஐயா. படித்துவிட்டு, ஆமாம், நம் கருத்துதானே என்று நினைத்தேன். கைப்பையில் எப்போதும் குண்டூசி வைத்திருப்பேன். பத்தொன்பது அட்டைகளையும் வரிசை பிசகாமல் குத்தினேன். தள்ளி நின்று பார்த்து, படமும் எடுத்து, வகுப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன்.

9. தங்கள் பிரிவின் சுறுசுறுப்பைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் பலகையைக் காலி செய்து, பத்தொன்பது அட்டைகளையும் பதிவு செய்து, பின்பக்கத்திலிருந்த ஒவ்வொரு எண்ணுக்கும் வியாழக்கிழமைக்குள் பதில் அனுப்பிவிட்டீர்கள். பல் மருந்தகத்தில் இவ்வளவு வேகத்தை நாங்கள் கனவிலும் கண்டதில்லை! டிஷ்யூ பொட்டலக்காரருக்கு, அந்த மேசை எங்கள் பராமரிப்பில் இல்லை, உரிய அமைப்புக்குத் தெரிவிக்கிறோம் என்று வந்தது. மின்தூக்கிக்காரரிடம் புளோக் எண் கேட்டிருந்தீர்கள். ஸ்ரீராமின் அரசனுக்கு, சம்பவம் நடந்த இடம், நேரம், சம்பந்தப்பட்டவரின் அடையாளம் ஆகியவற்றை அனுப்பி வைக்கவும் என்று வந்தது. எனக்கு வந்தது இது: தங்களுக்கு நேர்ந்த ஒடுக்குமுறையால் ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம், ஒப்பந்த நிறுவனத்துடன் பேசி உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது.

10. அன்று மாலை எங்கள் வாட்ஸ்ஆப் குழு சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சமல்ல. அரசனின் அடையாளத்தைத் தேடி ஆளாளுக்குக் கிரீடம் வைத்த படம் அனுப்பினார்கள். எனக்கு வந்த பதிலை நானே எடுத்துப் போட்டு, அதற்குக் கீழே கண்ணீர் வழியச் சிரிக்கும் முகங்கள் மூன்றையும் போட்டேன். உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது என்ற வரி அதே செய்தியில்தான் இருந்தது. முப்பத்தொரு ஆண்டுகள் படிவங்களோடு வாழ்ந்தவள் நான். அந்த வரிக்கு ஓர் ஆள் இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

11. 28ஆம் தேதி சனிக்கிழமை பதினொன்றே முக்காலுக்கு யாரும் வரவில்லை. அன்று எங்களுக்கு எத்தனை ஆனந்தம் தெரியுமா! பன்னிரண்டு ஆனது, பன்னிரண்டேகால் ஆனது, நாற்காலி கவிழ்க்க ஆளில்லை. பத்தொன்பது சொற்களையும் இரண்டு சுற்று சொல்லி முடித்தோம். பன்னிரண்டரைக்கு அறிமுகமில்லாத ஓர் இளைஞர் வாளியோடு வந்து, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருங்கள், உங்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். ரத்தினம்மா அக்கா எங்கே என்று ஷபானா கேட்டார். ஒரே வாரத்தில் அவர் மீது நான்கு புகார்கள் வந்ததால் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துப் பொங்கோலில் ஒரு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள், இரண்டு வாரம் பார்த்துவிட்டு அங்கேயே நிரந்தரமாக்குவார்கள் என்று அவர் விவரம் சொன்னார்.

12. மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்ததும் நானும் ஷபானாவும் கேலாங் ஈஸ்ட்டில், சிவன் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் ரத்தினம்மா அக்காவின் வீட்டுக்குப் போனோம். திட்டுவார், கதவைத் திறக்கமாட்டார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனோம். மைலோ கலக்கிக் கொடுத்தார். ஆங்கிலத்தில் இருந்த கடிதத்தை எடுத்து வந்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஷபானாவிடம் கேட்டார். கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார், படித்துச் சொல்ல ஆளில்லை. ஷபானா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்து, யூசர்ப் என்ற சொல் வந்த இடத்தில் நிறுத்திவிட்டார். எங்கள் வாக்கியங்கள் அப்படியே இருந்தன. அக்கா கேட்டுவிட்டு, “நான்தானே எழுதச் சொன்னேன், நீங்க ஏன் அழுவுறீங்க” என்றார். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, “அதுக்கு மார்க் கிடைச்சுச்சா?” என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார், ஐயா!

13. அவர் சொல்லாததை வீடு சொன்னது. அவருடைய கணவர் சேதுபதி அண்ணனுக்குப் போன ஆண்டு பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. ஒற்றைக் கையால் சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறக்க அவரால் இயலாது. தங்கள் மையத்தில் வேலை பார்த்தபோது அக்கா பன்னிரண்டு மணிக்கு ஓடி, பன்னிரண்டரைக்கு வீட்டில் இருப்பார்; ஊட்டிவிட்டு, இரண்டு மணிக்குள் திரும்பிவிடுவார். எங்களைப் பதினொன்றே முக்காலுக்கு விரட்டியதற்குக் காரணம் அதுதான். ஒன்பது மாதங்களாக விரட்டப்பட்டோம். எங்களில் ஒருவர் கூட ஏன் என்று கேட்கவில்லை. பொங்கோலிலிருந்து மதியம் வந்து திரும்ப நேரம் போதாது. அங்கே வேலைக்குப் போன முதல் நாள் அக்கா மாலை நாலரைக்கு வீடு வந்தபோது டப்பா மூடியபடியே இருந்திருக்கிறது. அண்ணன் முயன்று பார்த்ததில் மூடியின் ஓரம் பல்பட்டு நசுங்கியிருந்தது. அந்தப் பல் தடத்தை நான் பார்த்தேன். என் வேலையே பற்களோடுதான் இருந்தது, ஆனால் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

14. அன்று மாலை சம்பந்தி அம்மா வழக்கம்போல் அழைத்தார். நலமா என்றார். நலமில்லை என்றேன். பிறகு என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. பதினான்காம் பாடத்தின் சொற்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன! ஒரு பெண்மணி, ஒரு பலகை, நான்கு அட்டைகள், ஒரு மூடி என்று கையிலிருந்த அரைகுறை அரபை வைத்து முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். இருபத்தைந்து நிமிடம் பேசினோம். இரண்டு ஆண்டுகளில் எங்கள் முதல் பேச்சு. டானியலா பின்னாலிருந்து அம்மா, அம்மா என்று கத்திக்கொண்டிருந்தாள். எனக்கோ தரையில் கால் பாவவில்லை. சம்பந்தி அம்மா உச்சுக்கொட்டி, ‘ளலம’ என்ற அதே சொல்லைப் போட்டு, யார் செய்தது என்று கேட்டார். கேள்வி எனக்குத் தெளிவாகப் புரிந்தது. பதிலும் தெரிந்திருந்தது. அரபில் அது சின்னஞ்சிறு சொல். நான் என்றேன்.

15. ‘ளலம’ என்ற சொல்லுக்கு ஷபானா வகுப்பில் இன்னொரு விளக்கமும் தந்திருந்தார். ஒன்றை அதற்கு உரியதல்லாத இடத்தில் கொண்டுபோய் வைப்பது என்று பழைய அகராதிக்காரர்கள் பொருள் சொல்வார்களாம். அன்று அழகாக இருக்கிறதே என்று ஏட்டில் குறித்துக்கொண்டேன். அட்டையை உரியதல்லாத பலகையில் வைத்தவள் நான். அதனால் ஒருவர் உரியதல்லாத ஊரில் நிற்கிறார். இதற்கு மேல் எனக்கு எந்த வாக்கியமும் தேவையில்லை. கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். ஆனால் அது தங்கள் கணினியில் ஏறாது. ஆகையால்தான் இந்த மனு.

16. தங்கள் பிரிவைக் குறை கூற எனக்கு யோக்கியதை இல்லை. எனினும் ஒன்றைப் பணிவோடு சொல்லியாக வேண்டும். அட்டை எழுதியவர்களுக்குப் பத்தொன்பது செய்திகள் அனுப்பினீர்கள். அரசனைப் பற்றிக் கூட விவரம் கேட்டீர்கள். ரத்தினம்மா அக்காவிடம் மட்டும், தங்கள் தரப்பிலும் சரி, அவரை வேலைக்கு வைத்திருக்கும் ஒப்பந்த நிறுவனத்தின் தரப்பிலும் சரி, என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பார். இதற்குரிய சொல் மூன்றாம் பத்தியில் இருக்கிறது. திரும்ப எழுத எனக்கு மனம் வரவில்லை.

17. எனவே தங்களைக் கேட்டுக்கொள்வது: மூன்று, எட்டு, பதினொன்று, பதினான்கு ஆகிய அட்டைகளின் மீதான பதிவுகளை நீக்கி, அவை வீட்டுப்பாடம் என்று ஒப்பந்த நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும். பதினொன்றாம் தேதிக்கு முன் ரத்தினம்மா அக்காவைச் செம்பருத்தி மையத்துக்கே, பழைய நேரத்துக்கே கொண்டுவர வேண்டும். தங்கள் பிரிவின் கணக்கு சரியாக இருக்க ஒரு புகார் இருந்தே தீர வேண்டும் என்றால், என் மீது ஒன்றைத் திறக்கவும். புகாருக்கு ஆளானவர் அருள்ஜோதி. குற்றம், அனுமதியின்றிப் பலகையைப் பயன்படுத்தியதும், அறிந்தே பொய் வாக்கியம் எழுதியதும். சாட்சிகள் எட்டுப் பேர். எல்லோரும் கீழே கையெழுத்திடத் துடித்துக்கொண்டிருக்கிறார்கள், இடம் போதாதென்று நான்தான் தனித் தாளில் வாங்கியிருக்கிறேன். என்னை மையத்திற்குள் வரவேண்டாம் என்று தாங்கள் முடிவு செய்தாலும் ஏற்றுக்கொள்வேன். பதினைந்தாம் பாடத்தில் நீதிக்குரிய சொற்கள் வருகின்றனவாம். மற்றவர்கள் படித்துவிட்டு எனக்குச் சொல்லட்டும்.

18. திங்கட்கிழமையிலிருந்து வகுப்பில் ஒன்பது பேரும் ஷபானாவும் முறைவைத்துக்கொண்டு மதியத்தில் சேதுபதி அண்ணன் வீட்டுக்குப் போகிறோம். நேற்று ஷபானா விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். இன்று என் முறை. சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. மூடியைத் திறந்து, சாதத்தைப் பிசைந்து, கரண்டியையும் எடுத்து நீட்டினேன். அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா கையால் தவிர வேறு எவர் கையாலும் அவர் சாப்பிடமாட்டார். அயலார் பார்க்க, இடக்கையால் சிந்திக்கொண்டு சாப்பிடவும் அவருக்குக் கூச்சம். நான் வெளியே இருக்கிறேன், நீங்கள் மெதுவாகச் சாப்பிடுங்கள் அண்ணே என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். இந்தப் பத்தியைத் தாழ்வாரத்தில் நின்று, தாளைச் சுவரில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். இருபது நிமிடம் ஆகிறது. உள்ளே கரண்டிச் சத்தம் இன்னும் கேட்கவில்லை.

தாங்கள் விரைந்து செய்வீர்கள் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதே விரைவை இன்னொரு முறை வேண்டி,

தவறிழைத்தவரும் மனுதாரருமான,
(ஒப்பம்)
அருள்ஜோதி சவரிராஜ்

இடம்: கேலாங் ஈஸ்ட், சேதுபதி அண்ணன் வீட்டு வாசல்
நாள்: 01.07.2025, செவ்வாய்க்கிழமை, மதியம் 12.55